நிபுணர்களுக்கு அதிகாரம் அளித்த அரசியல்வாதி சி. சுப்பிரமணியம்

புது டெல்லி:

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டத்தில் உள்ளது நல்லேப்பிள்ளி ஊராட்சி. தமிழக எல்லை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இந்த வட்டாரத்தின் நெல் வயல்களுக்குச் சித்தூர்ப்புழையே ஆதாரம். அந்தப் புழைக்குத் தண்ணீர் வருவதோ, ஆனைமலையிலிருந்து இறங்கித் தமிழகத்தின் வழியே பாய்ந்து வரும் ஆழியாற்றிலிருந்து. மேலே எவ்வளவு தேக்குவது, கீழே எவ்வளவு விடுவது என்பதை இரு மாநிலங்களின் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்குத் தரப்பட வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று.

பொறியாளர்கள் கணக்கிட்டுத் தந்த எண் இது. ஆனால், இதற்கு உயிர் கொடுத்தவர்கள் இரு மாநில அரசியல்வாதிகள். அவர்களில் முதன்மையானவர், ஆழியாற்றின் மறுபக்கத்தில் பொள்ளாச்சிச் சீமையில் பிறந்த சி. சுப்பிரமணியம். பின்னாளில் டெல்லியில் மத்திய உணவு, வேளாண் துறை அமைச்சராகி, விஞ்ஞானிகளை அரசாங்கத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அரசாங்கத்தில் தொழில்நுட்ப வல்லுநர்களின் இடம் என்ன என்ற கேள்வி தலைநகரில் அடிக்கடி எழுகிறது. மத்திய அரசின் உயர் பதவிகளில் 45 இடங்களுக்கு வெளியிலிருந்து நிபுணர்களை நேரடியாக நியமிக்க 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வெளியானது. அதில் இடஒதுக்கீடு இல்லை என்று கடும் எதிர்ப்பு கிளம்பியதும், சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. வல்லமை ஒருபுறம், மக்கள் பிரதிநிதித்துவமும் சமூகநீதியும் மறுபுறம் என்று விவாதம் இரண்டாகப் பிரிந்தது. இந்த இரண்டும் மோதும் இடத்தில் அரை நூற்றாண்டுக் காலம் நின்றவர் என்பதால், சுப்பிரமணியத்தின் வாழ்க்கை இன்றும் திரும்பிப் பார்க்கத் தக்கது.

உழவர் வீட்டு இயற்பியல் மாணவர்

கோவை மாவட்டம், பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் 1910 ஜனவரி 30-ஆம் தேதி உழவர் குடும்பத்தில் பிறந்தார் சுப்பிரமணியம். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று பட்டம் பெற்றார். பிறகு சட்டம் படித்தார். கல்லூரி நாள்களில் பெரியசாமித் தூரன் உள்ளிட்ட கொங்கு நாட்டு நண்பர்களுடன் சேர்ந்து வனமலர்ச் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்தக் குழு நடத்திய இதழின் பெயர் பித்தன். தமிழும் அறிவியலும் தேசபக்தியும் கலந்த இளைஞர் வட்டம் அது.

1932-ல் சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1942-ல் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தின்போதும் சிறைவாசம். கோவையில் வழக்கறிஞராக இருந்தவர், நாட்டின் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினராகச் சென்றார். அரசமைப்புச் சட்டம் எழுதப்பட்ட அவையில் அமர்ந்திருந்த அனுபவம், அரசாங்கம் என்பது யாருக்குப் பதில் சொல்ல வேண்டியது என்ற பாடத்தை அவருக்குத் தொடக்கத்திலேயே கற்பித்தது.

1952-ல் ராஜாஜி அமைச்சரவையில் இடம் பெற்றார். 1954-ல் ராஜாஜி விலகியபோது, சட்டமன்றக் காங்கிரஸ் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றார். தம்மை எதிர்த்தவரையே அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டு, நிதி, கல்வி போன்ற முக்கியத் துறைகளை ஒப்படைத்தார் காமராஜர். தமிழக அரசியலில் இன்றும் பேசப்படும் பெருந்தன்மை அது.

கல்வித் திட்டம் தந்த பாடம்

ராஜாஜி 1953-ல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வித் திட்டம் என்று கூறித் திராவிட இயக்கம் எதிர்த்தது. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத் தொழிலைப் பழகலாம் என்பது திட்டம். இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டு இரு மடங்கு மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம் என்ற நிர்வாகக் கணக்கு அதன் பின்னால் இருந்தது. ஆனால், சாதியால் தொழில் பிரிக்கப்பட்ட சமூகத்தில் அந்தத் திட்டம் என்ன பொருள் தரும் என்பதைக் கணக்கு பார்க்கவில்லை. மக்கள் பார்த்தார்கள்.

ராஜாஜியின் அமைச்சரவையில் அங்கம் வகித்த சுப்பிரமணியமே, காமராஜர் ஆட்சியில் கல்வி அமைச்சராக 1954 மே மாதம் அத்திட்டம் கைவிடப்படுவதை அறிவித்தார். காகிதத்தில் சரியாக வரும் ஒரு திட்டம், அது யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களின் இசைவு இல்லாவிட்டால் நிற்காது என்பதை அவர் நேரில் கண்ட முதல் சந்தர்ப்பம் அது.

அடுத்து வந்த ஆண்டுகளில் வேறொரு முறை கையாளப்பட்டது. பள்ளிக் கல்வித் துறையின் தலைமையில் இருந்த நெ.து. சுந்தரவடிவேலு போன்ற அதிகாரிகளுக்குச் செயல்படச் சுதந்திரம் தரப்பட்டது. அரசியல் தலைமை பின்னால் நின்றது. மதிய உணவும், ஊர்தோறும் பள்ளியும் இந்தக் கூட்டணியின் விளைவுகள். 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் கிண்டியில் இந்திய தொழில்நுட்பக் கழகம் அமைந்தபோதும் மாநிலத்தின் கல்வி அமைச்சர் அவரே.

மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் வட்டாரங்கள் மழை மறைவுப் பகுதிகள். மலையின் மறுபக்கத்திலோ பருவமழை கொட்டி, ஆறுகள் அரபிக் கடலில் சென்று கலந்தன. மேற்கு நோக்கி ஓடும் நீரைக் கிழக்கே திருப்புவதுதான் பரம்பிக்குளம் - ஆழியாறு திட்டம். ஆனைமலையாறு, நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மலை ஆறுகளையும், சமவெளியில் ஆழியாறு, பாலாறு ஆகியவற்றையும் அணைகளாலும் சுரங்க வாய்க்கால்களாலும் இணைக்கும் சிக்கலான ஏற்பாடு அது. மின்சாரமும் கிடைக்கும், பாசனமும் நடக்கும்.

பொறியாளர்களுக்கு அது சவால். அரசியல்வாதிகளுக்கு அதைவிடப் பெரிய சவால். 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்ததும், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த பாலக்காடும், முன்பு கொச்சி சமஸ்தானத்தில் இருந்த சித்தூரும் கேரளத்தின் பகுதிகளாயின. திட்டத்தின் சில அணைகள் கேரள மண்ணில் அமைய வேண்டியிருந்தன. சென்னையில் காங்கிரஸ் ஆட்சி, திருவனந்தபுரத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி. கொள்கையில் எதிரெதிர் முகாம்களில் இருந்த இரு அரசுகளும் பேச்சு நடத்தி உடன்பாட்டுக்கு வந்தன. முறையான ஒப்பந்தம் 1970 மே மாதம் கையெழுத்தானபோதும், அது 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது.

அந்த ஒப்பந்தப்படி தமிழகம் ஏறத்தாழ 4 லட்சம் ஏக்கருக்குப் பாசன வசதி பெற்றது. சித்தூர் வட்டத்துக்கு மணக்கடவில் அளந்து விடப்படும் தண்ணீர் உறுதியானது. ஆயினும் எல்லோருக்கும் கணக்கு சமமாக அமையவில்லை. அணைகள் எழுந்த காடுகளில் வாழ்ந்த காடர் முதலிய பழங்குடி மக்கள் இடம் பெயர நேர்ந்தது. 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுபரிசீலனை செய்யலாம் என்ற விதியின்படி 1988-ல் செய்ய வேண்டிய மறுபரிசீலனை இழுபறியானது. வறட்சி ஆண்டுகளில் சித்தூர்ப் பகுதி விவசாயிகளும் பொள்ளாச்சி, உடுமலை விவசாயிகளும் ஒரே தண்ணீருக்காக எதிரெதிரே நின்றனர்.

டெல்லியில் எஃகும் உணவும்

1962 பொதுத் தேர்தலில் பொள்ளாச்சித் தொகுதியில் வென்று மக்களவைக்குச் சென்ற சுப்பிரமணியத்தை, எஃகுத் துறை அமைச்சராக்கினார் நேரு. எஃகின் விலையும் விநியோகமும் அரசின் முழுக் கட்டுப்பாட்டில் இருந்த காலம். அந்தக் கட்டுப்பாட்டு முறையை ஆராயப் பொருளாதார அறிஞர் கே.என். ராஜ் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 1963-ல் அக்குழு தந்த பரிந்துரையை ஏற்று, பல எஃகு வகைகள் மீதான கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. நிபுணரிடம் கேட்பது, கேட்டதைச் சொந்தப் பொறுப்பில் செய்வது என்ற அவரது பாணி டெல்லியில் முதலில் தெரிந்தது அப்போதுதான்.

நேரு மறைந்து, 1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது உணவு, வேளாண் துறையை ஏற்றார். விரும்பி ஏற்கும் இலாகா அல்ல அது. நாட்டில் தானியப் பற்றாக்குறை. அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் வரும் கோதுமைக் கப்பல்களை நம்பி ரேஷன் கடைகள் நடந்தன. அதற்கு முன் அந்தத் துறைக்கு வந்த பலரின் அரசியல் செல்வாக்கைச் சரித்த நாற்காலி அது.

கிருஷி பவனில் அவர் கண்ட காட்சி விசித்திரமானது. வேளாண் ஆராய்ச்சிக்குத் தனி அமைப்பு இருந்தது. ஆனால் அதன் நிர்வாகம் ஐ.சி.எஸ். அதிகாரிகள் கையில் இருந்தது. ஆராய்ச்சி நிலையங்கள் பல்வேறு பிரிவுகளின் கீழ்ச் சிதறிக் கிடந்தன. பயிரின் மரபியல் தெரிந்தவர் தம் கருத்தைக் கோப்பில் எழுதி அனுப்புவார். பயிரை அறியாத அதிகாரி அதன் மேல் முடிவெழுதுவார். விஞ்ஞானிகளுக்கு ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு.

சுப்பிரமணியம் இதை மாற்றினார். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக 1965-ல் விஞ்ஞானி பி.பி. பால் நியமிக்கப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் விஞ்ஞானி அவர். சிதறிக் கிடந்த மத்திய ஆராய்ச்சி நிலையங்கள் கழகத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதற்காக நிர்வாக அதிகாரிகளை அவர் ஒதுக்கிவிடவுமில்லை. துறைச் செயலாளராக அவர் கொண்டுவந்த பி. சிவராமன் ஐ.சி.எஸ். அதிகாரியே. ஆராய்ச்சி விஞ்ஞானியிடம், நிர்வாகம் அதிகாரியிடம், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமை அமைச்சரிடம் என்று வேலை பிரிக்கப்பட்டது.

அதே வேகத்தில் மற்ற அமைப்புகளும் எழுந்தன. உழவருக்கு நியாய விலையைப் பரிந்துரைக்க வேளாண் விலை ஆணையம் 1965 ஜனவரியில் அமைந்தது. அதன் தலைவரானவர் பொருளாதார அறிஞர் எம்.எல். தந்த்வாலா. கொள்முதலுக்கும் சேமிப்புக்கும் இந்திய உணவுக் கழகம் அதே மாதம் 14-ஆம் தேதி தொடங்கப்பட்டது. கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது.

மொழியா, பதவியா?

உணவுக் கழகம் பிறந்த சில நாள்களிலேயே வேறு ஒரு நெருப்பு மூண்டது. 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழியாகும் என்ற அச்சத்தில் தமிழகம் கொந்தளித்தது. மாணவர்கள் வீதிக்கு வந்தனர், துப்பாக்கிச் சூடுகள் நடந்தன, இளைஞர்கள் தீக்குளித்தனர். பிப்ரவரி 11-ஆம் தேதி சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்தனர். அவற்றை ஏற்கக் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் இசையவில்லை. அன்றிரவே வானொலியில் பேசிய சாஸ்திரி, நேரு அளித்த மொழி உறுதிமொழி காக்கப்படும் என்று அறிவித்தார். விலகல் கடிதங்கள் திரும்பப் பெறப்பட்டன.

தம் துறையில் மாபெரும் சீர்திருத்தம் பாதியில் நிற்கும்போது, மொழிக்காகப் பதவியைத் தூக்கியெறிய ஒரு நிபுணர் அமைச்சர் முன்வந்திருப்பாரா என்பது சந்தேகமே. அவர் வேளாண் துறையை நடத்தியது விஞ்ஞானத்தின் துணையுடன். ஆனால் அவரை டெல்லிக்கு அனுப்பியவர்கள் தமிழக வாக்காளர்கள்.

18,000 டன் விதை

மெக்சிகோவில் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டை ரகக் கோதுமைகளை, பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எம்.எஸ். சுவாமிநாதனும் அவரது சகாக்களும் சோதித்துக்கொண்டிருந்தனர். நம் நாட்டு நெடிய ரகங்களுக்கு உரம் கூட்டினால் கதிரின் பாரம் தாங்காமல் பயிர் சாய்ந்துவிடும். குட்டை ரகமோ உரத்தையும் நீரையும் தானியமாக மாற்றிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். விஞ்ஞானம் சொன்னது இவ்வளவே. இதை நாடு முழுவதற்கும் கொண்டுசெல்வதா என்பது விஞ்ஞானத்தின் கேள்வி அல்ல.

எதிர்ப்பு மூன்று திசைகளிலிருந்து வந்தது. விலையை உயர்த்திக் கொடுத்தால் பணவீக்கம் பெருகும், விதைக்கும் உரத்துக்கும் அந்நியச் செலாவணி இல்லை என்றது நிதித் துறை. அதன் அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. நிலச் சீர்திருத்தம் இல்லாமல் விஞ்ஞானத்தைப் புகுத்தினால் பெரிய விவசாயிகளே பயனடைவர், நாடு அமெரிக்க உரத்துக்கு அடிமையாகும் என்றனர் இடதுசாரிகள். நோய் பரவினால் மொத்தப் பயிரும் போய்விடும் என்று அஞ்சினர் வல்லுநர்களில் சிலர்.

ஆக, நிபுணர்களும் ஒரே குரலில் பேசவில்லை. எந்த நிபுணரின் சொல்லை ஏற்பது என்று முடிவு செய்ய அரசியல் தலைமை தேவைப்பட்டது. சுப்பிரமணியம் ஏற்றார். விஞ்ஞானிகளின் நேரடி மேற்பார்வையில் விவசாயிகளின் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் அமைக்கப்பட்டன. டெல்லியில் தம் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது புதிய கோதுமையை விளைவித்துக் காட்டினார். 1965-ல் 250 டன் விதை வந்தது. 1966-ல் 18,000 டன் விதையை மெக்சிகோவிலிருந்து இறக்குமதி செய்ய அரசு முடிவெடுத்தது.

இதற்கிடையே வானம் பொய்த்தது. 1964-65-ல் சுமார் 8 கோடியே 90 லட்சம் டன்னாக இருந்த தானிய விளைச்சல், 1965-66-ல் சுமார் 7 கோடியே 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அடுத்த ஆண்டும் வறட்சி. அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் தானியக் கப்பல்களைச் சிறுகச் சிறுகவே அனுப்ப உத்தரவிட்டார். 1965 நவம்பரில் ரோம் நகரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமனைச் சந்தித்து, வேளாண்மைக்கு இந்தியா செய்யப்போகும் முதலீடு பற்றிய உடன்பாட்டுக்கு வந்தார் சுப்பிரமணியம். அந்நிய நெருக்கடிக்குப் பணிந்த செயல் என்று அது விமர்சிக்கப்பட்டது. ஏற்கெனவே வகுத்த தம் கொள்கைக்கு அமெரிக்க உதவியைப் பெற்றது மட்டுமே நடந்தது என்பது அவர் தரப்பு வாதம்.

விளைச்சலுக்கு முன் வந்த தேர்தல்

1967 பிப்ரவரியில் பொதுத் தேர்தல் வந்தது. தமிழகத்தில் அரிசிப் பஞ்சம் நீங்கவில்லை. மொழிப் போரின் காயம் ஆறவில்லை. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. வாக்குறுதி அளித்தது. காமராஜர் விருதுநகரில் தோற்றார். நாட்டின் உணவு அமைச்சர் சுப்பிரமணியம் கோபிசெட்டிபாளையம் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார்.

அடுத்த ஆண்டே அறுவடை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1964-65-ல் சுமார் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை உற்பத்தி, 1967-68-ல் சுமார் 1 கோடியே 65 லட்சம் டன்னாக உயர்ந்தது. 1968-ல் கோதுமைப் புரட்சியைப் போற்றி அஞ்சல் தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. அந்த நாளில் சுப்பிரமணியம் எம்.பி.யும் அல்ல, அமைச்சரும் அல்ல. அவர் நியமித்த விஞ்ஞானிகள் பதவியில் தொடர்ந்தனர். பொறுப்பேற்ற அரசியல்வாதி வெளியேற்றப்பட்டார். ஜனநாயகத்தில் நிபுணருக்கும் அமைச்சருக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது.

வயலுக்குள் தெரியாத கேள்வி

பசுமைப் புரட்சியின் மறுபக்கமும் விரைவிலேயே வெளிப்பட்டது. நெல்லில் புதிய ரகங்களும் தீவிர சாகுபடித் திட்டமும் முதலில் புகுந்த மாவட்டங்களில் ஒன்று தஞ்சாவூர். அங்கே கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழவெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டனர். விளைச்சலைப் பெருக்கும் வழியை விஞ்ஞானம் சொன்னது. பெருகிய விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை.

தீவிர சாகுபடித் திட்டம் நடந்த மாவட்டங்களில் பாலக்காடும் ஒன்று. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் ஃபிரான்சின் ஃபிராங்கெல் 1971-ல் வெளியிட்ட நூலில், தஞ்சாவூர், பாலக்காடு உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களை ஆராய்ந்து, உற்பத்தி கூடியபோதே பெரிய விவசாயிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான இடைவெளியும் கூடியதைச் சுட்டிக்காட்டினார். சித்தூர், நல்லேப்பிள்ளி வட்டாரங்களில் குத்தகைதாரருக்கு நிலத்தின் மீது உரிமை தந்தது புதிய விதை அல்ல. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம். நீண்ட அரசியல் போராட்டத்தின் பலன் அது. பஞ்சாபில் நிலத்தடி நீர் வற்றியதும், இரசாயனத்தால் மண் நலிந்ததும் பின்னாளில் தெரிந்த விலை.

ஆனால், பட்டினியின் விளிம்பில் நின்ற 1966-ல் வேறு வழி என்ன இருந்தது என்ற கேள்விக்கு விமர்சகர்களும் எளிதில் பதில் சொல்லிவிடவில்லை. இரண்டு உண்மைகளும் அவர் வாழ்க்கையில் அருகருகே நிற்கின்றன.

மீண்டும் அதிகாரம்; அவசரநிலை

1969-ல் காங்கிரஸ் பிளவுபட்டபோது, காமராஜருக்கு எதிர்த்தரப்பில் இந்திரா காந்தியின் பக்கம் நின்றார் சுப்பிரமணியம். அக்கட்சியின் இடைக்காலத் தலைவராகவும் இருந்தார். 1971-ல் திட்ட அமைச்சரானார். 1974 அக்டோபரில் நிதி அமைச்சர் பொறுப்பு வந்தது. கிராமப்புற ஏழைகளுக்குக் கடன் வழங்க மண்டல ஊரக வங்கிகள் 1975 அக்டோபர் 2-ல் தொடங்கப்பட்டது அவரது காலத்தில்தான்.

ஆனால், அவசரநிலையின் 21 மாதங்களிலும் நிதி அமைச்சராக இருந்தவரும் அவரே. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அரசு முடிவெடுத்தால் தட்டிக் கேட்க ஆளில்லை. வல்லுநர்கள் விரும்பும் வேகமும் ஒழுங்கும் நாட்டில் நிலவியதாகச் சிலர் மகிழ்ந்தனர். அந்த வேகம் குடிமக்களின் உடல்மீதும் குடிசைகள்மீதும் பாய்ந்ததை வட மாநிலங்கள் அனுபவித்தன. அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்த ஒருவர் அந்த அமைச்சரவையில் தொடர்ந்தது, அவரது வாழ்க்கைக் கணக்கில் பற்றுப் பக்கத்தில் நிற்கிறது.

1977-ல் நாடெங்கும் காங்கிரஸ் வீழ்ந்தபோதும் அவர் பழனி தொகுதியில் வென்றார். 1979-ல் சரண்சிங் அமைச்சரவையில் பாதுகாப்புத் துறை அமைச்சரானார். 1990-ல் மகாராஷ்டிர ஆளுநராக நியமிக்கப்பட்டார். பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாடு பற்றி அவர் கூறிய விமர்சனம் வெளியானதை அடுத்து, 1993 ஜனவரியில் பதவி விலகினார். 1998-ல் பாரத ரத்னா விருது கிடைத்தது. 2000 நவம்பர் 7-ஆம் தேதி சென்னையில் காலமானார்.

சொல்லின் பொருள்

வல்லுநர் ஆட்சி என்று பொருள்படும் 'டெக்னோகிரசி' என்ற சொல் 1919-ல் அமெரிக்கப் பொறியாளர் வில்லியம் ஹென்றி ஸ்மித் கையாண்டு பரவியது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், அரசியல்வாதிகளை நீக்கிவிட்டுப் பொறியாளர்களே பொருளாதாரத்தை நடத்த வேண்டும் என்ற இயக்கம் அங்கே தோன்றி, விரைவில் தேய்ந்தது. இந்திய அரசமைப்புச் சட்டம் அதற்கு இடம் வைக்கவில்லை. யார் அமைச்சரானாலும் 6 மாதங்களுக்குள் நாடாளுமன்ற உறுப்பினராக வேண்டும். அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும்.

அந்த வரம்புக்குள்ளேயே நிபுணர்கள் பலர் அமைச்சர்களாயினர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த, கோழிக்கோட்டில் பிறந்த ஜான் மத்தாய் நிதி அமைச்சராகி, திட்டக் குழு அமைச்சரவைக்கு மேலான அதிகாரமாகிவிடும் என்று கருதி 1950-ல் விலகினார். நிபுணராக இருந்தவர், நிபுணர் குழுவின் வரம்பற்ற அதிகாரத்தை எதிர்த்தார். 1991-ல் நிதி அமைச்சரான பொருளாதார அறிஞர் மன்மோகன் சிங், பின்னர் 10 ஆண்டுகள் பிரதமராகவும் இருந்தார். ஆனால் மக்களவைக்கு ஒருமுறையும் தேர்ந்தெடுக்கப்படவில்லை.

சுப்பிரமணியத்தின் வழி வேறு. அவர் நிபுணர் அல்ல. நிபுணரைக் கேட்கத் தெரிந்தவர். அவர்களுக்குப் பதவியும் பணமும் தந்தார். அவர்களுக்குப் பதிலாக அவையில் ஏச்சு வாங்கினார். தேர்தலில் விலையும் கொடுத்தார். வெளியிலிருந்து நிபுணர்களை உயர் பதவிகளில் அமர்த்துவது பற்றிய விவாதத்தில் விடுபடுவது இந்தப் பகுதிதான். வல்லுநர் தவறினால் மக்கள் முன் நிற்பவர் யார் என்பது நியமன ஆணையில் எழுதப்படுவதில்லை.

2022 செப்டம்பர் 21-ஆம் தேதி அதிகாலையில் பரம்பிக்குளம் அணையின் மதகுகளில் ஒன்று சங்கிலி அறுந்து உடைந்து, தேக்கிய தண்ணீர் சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. கேரள மண்ணில் இருந்து தமிழகம் இயக்கும் அணை அது. மதகைச் சரிசெய்தவர்கள் பொறியாளர்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுத்ததும், வீணான தண்ணீருக்கு விவசாயிகளிடம் பதில் சொல்ல வேண்டியிருந்ததும் இரு மாநில அரசுகள். நல்லேப்பிள்ளி விவசாயி ஆனாலும் பொள்ளாச்சி விவசாயி ஆனாலும், தண்ணீர் வராவிட்டால் கேள்வி கேட்க அவருக்கு ஒரு வாக்குச் சீட்டு இருக்கிறது. அந்தச் சீட்டு 1967-ல் தமக்கு எதிராகத் திரும்பியபோது, அதை ஏற்று வீடு திரும்பியவர் சி. சுப்பிரமணியம்.